எஸ்21-க்குப் போன பாட்டுச் சேனல்

"பாட்டு கேக்கிறவன் தேடிப் புடிச்சுக்குவான் தம்பி. சீரியல் பாக்கிற அம்மா தேடமாட்டாங்க, நேரா ஆபீசுக்குப் போன் போட்டுருவாங்க."

கோத்தகிரி கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில், பாட்டுச் சேனலை இடம் மாற்றும்போது முதலாளி சொன்ன இந்த வார்த்தை இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது. செட்டாப் பாக்ஸ் வராத அனலாக் காலம் அது. எந்த டிவியிலும் எடுக்கும் சேனல் இடங்களுக்குப் பிரைம் பேண்ட் என்று பெயர்; 2 முதல் 12 வரை, ஆக மொத்தம் 11 இடம். அதற்கு வெளியே எஸ்1, எஸ்2 என்று போகும் எஸ் பேண்ட் பழைய டிவி பலதில் எடுக்கவே எடுக்காது. எங்கள் லோக்கல் சேனலுக்கு அந்த 11-இல் ஓர் இடம் தேவைப்பட்டது. நீலகிரி படுக மக்களின் பாட்டு, அவர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் திருவிழா வீடியோ, ஜவுளிக்கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான். அதற்காக, இளசுகள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டுச் சேனலை 5-லிருந்து எஸ்21-க்குத் தூக்கினோம். சேனலை அதன் இடத்தில் ஏற்றும் மாடுலேட்டரை மாற்றி, எல்லாச் சேனலையும் ஒரே கேபிளில் சேர்க்கும் கம்பைனரில் லெவல் சரிபார்த்தால் வேலை முடிந்தது.

தேடிப் பிடிக்கலாம்தான், படம் போய்ச் சேர்ந்தால். 5-ஆம் சேனலின் படம் போகும் அலைவெண் 175.25 மெகாஹெர்ட்ஸ், எஸ்21 என்றால் 303.25. தெருவில் இழுக்கும் தடித்த ஆர்ஜி-11 கேபிளில் 100 மீட்டருக்கு முன்னது சிக்னல் பலத்தில் சுமார் 6 டெசிபெல் இழக்கும், பின்னது ஏழரை. ஒன்றரைதானே என்று தோன்றும். அரவேனு பக்கம் ஒரு கிலோமீட்டர் இழுத்தால் அதுவே 15. ஆம்ப்ளிஃபயரில், இந்த வித்தியாசத்தைச் சமன் செய்யும் ஈக்குவலைசர் போட்டு நேராக்கலாம். வெயில் காலத்தில் நேராகவும் நிற்கும். ஐப்பசி மழை பிடித்ததும் கதை வேறு. சில்வர் ஓக் மரத்தில் கட்டிய லைனைக் குரங்கு பிடித்து ஆட்டும்; கேபிளை இணைக்கும் எஃப் கனெக்டரில் சுற்றிய டேப் வாய் பிளக்கும்; தண்ணீர் உள்ளே இறங்கும். கனெக்டருக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், ஆனால் அவசரத்தில் யாரும் விடுவதில்லை. அந்தக் கேபிளின் மேல்தோலை உரித்தால் அலுமினியப் பின்னல் வெள்ளைப் பொடியாக உதிரும். அடி முதலில் விழுவது மேல் பேண்டுக்கு. கலர் போகும், படம் முழுக்கப் புள்ளி அடிக்கும். ஒலி எஃப்எம் என்பதால் அது மட்டும் தாக்குப்பிடிக்கும். "பாட்டுச் சேனல்தானே, காதுக்கு வந்தா போதாதா?" என்பார் எங்கள் லைன்மேன். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

கோத்தகிரியில் ஓர் இடம் மாறியதாலா பாட்டுச் சேனல்கள் சரிந்தன? அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். 2001-இல் சென்னையிலிருந்து வந்த எஸ்எஸ் மியூசிக் நான்கு தென்னிந்திய மொழிகளையும் ஒரே சேனலில் கலந்து கொடுத்தது. அதன் வாய்ஸ் ஹன்ட் போட்டியிலிருந்துதான் எஸ்5 பாட்டுக் குழு, அதிலிருந்து பாடகர் பென்னி தயாள். அந்தக் கலவை புதுசாக இருந்தவரைக்கும் ஓடியது. 2004-இல் சன் மியூசிக், 2008-இல் இசையருவி என்று நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டே ஓடும்போது, இரண்டு தமிழ்ப் பாட்டுக்கு நடுவே மற்ற மொழிப் பாட்டுக்காகக் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

ஆனால் இதே 11 இடக் கணக்கைத்தானே ஒவ்வொரு ஊர் கண்ட்ரோல் ரூமும் போட்டிருக்கும்? தனியாக ஓர் ஊரில் பார்த்தால் ஒன்றுமில்லை. எல்லா ஊரையும் கூட்டினால்?

கேபிள் டிவி முழுக்க டிஜிட்டலுக்கு மாற அரசு வைத்த நான்காம் கட்டக் கெடு 2017 மார்ச் 31. செட்டாப் பாக்ஸ் வந்ததும் பிரைம் பேண்ட் சண்டையே ஒழிந்தது. முன்பு ஏறக்குறைய ஒரு சேனலே பிடித்த அளவில், 8 மெகாஹெர்ட்ஸில், 15 சேனலுக்கு மேல் போகும். ஆனால் 2016 செப்டம்பரிலேயே ஜியோ வந்துவிட்டது. முதலாளி சொன்னபடி பாட்டு கேட்கிறவன் தேடித்தான் பிடித்தான், போனில். படுக பாட்டும் அங்கேயே போய்விட்டது. லோக்கல் சேனலுக்கு மிச்சம் கண்ணீர் அஞ்சலிதான்.

இன்றைக்குக் கேட்டாலும் 5-ஆம் இடம் லோக்கல் சேனலுக்குத்தான் என்பேன். பாட்டுச் சேனலை எஸ்3-இல் வைத்திருக்கலாமே என்று யாரும் கேட்டதில்லை, நானாகத்தான் கேட்டுக்கொள்கிறேன். 119.25 மெகாஹெர்ட்ஸ், இழப்பு 5-ஐவிடவும் குறைவு. ஆனால் அதை ஒரு பே சேனலுக்கு ஒதுக்கி, டீகோடருக்கும் பணம் கட்டியாயிற்று. சந்தா கொடுத்து எடுக்கும் சேனலை எஸ்21-இல் புள்ளியடிக்க விட்டு, இலவசமாக வரும் பாட்டை எஸ்3-இல் வை என்று எந்த முதலாளியிடம் போய்ச் சொல்வது?