எஞ்சினுக்கு ஐந்து மாதம், கதவுக்கு ஒரு வருஷம்

பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பதினேழு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் நின்றிருந்தது. 1970 மாடல், மார்க் த்ரீ, நாலு கதவு. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றிக் குரோம்பேட்டைக்குக் கொண்டுவந்த அன்று எனக்கு எஞ்சினைப் பற்றித்தான் பயம். பாடிதானே, தகரம்தானே, ஒட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக 1959இல் வந்து, 1961 முதல் இங்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்த கார். வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. சேசிஸ் எனும் அடிச்சட்டம் தனி, பாடி தனி. பானெட்டோடு முன்பக்க மட்கார்டும் சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். அதைத் திறந்துவிட்டு முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வீட்டில் பிரித்து மேய இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

எஞ்சின் 948 சிசி. இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் விட்டேன். அசையவில்லை. சரி, இறக்கிவிடலாம் என்று பானெட்டை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புக் குழாயில் முக்காலி கட்டிச் செயின் பிளாக்கில் தூக்கினோம். கியர்பாக்ஸ் இந்த வண்டியில் உள்ளிருந்து, முன் சீட்டுகளுக்கு நடுவிலுள்ள மூடியைக் கழற்றித்தான் வரும். மூடிக்கு அடியில் ஒரு எலிக்கூடும், அதில் பெரியப்பாவின் 1990களின் பெட்ரோல் ரசீதுகளும் இருந்தன.

ஹெட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. மூன்றாவது சிலிண்டரின் வால்வு திறந்த நிலையிலேயே வண்டி நின்றிருக்கிறது. அது வழியாக ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரும் துருவில் ஒன்றாகிவிட்டன. மரக்கட்டையை வைத்துக் கீழிருந்து தட்டி எடுத்தோம். துரு ஆழமாகத் தின்றிருந்ததால் லேத் பட்டறைக்காரர் சிலிண்டர்களை முப்பது தவ் பெரிதாக்கிப் போரிங் போடச் சொன்னார். ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் பத்து தவ் கிரைண்டிங்கோடு தப்பித்தது. வால்வுகளை நானே பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன்.

இந்தக் கட்டத்தில் எனக்கு வாய்த்தவர் தாம்பரத்தில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக். எழுபதுகளில் ஹெரால்டு மட்டுமே பார்த்தவர். தரையில் கிடந்த எஞ்சினைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, சம்ப்ல அரைவட்டமா ஏதாச்சும் கெடந்துச்சா?"

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் சம்ப். அதில் கிடந்தது. உடைந்த ஏதோ வாஷர் என்று தனியே எடுத்து வைத்திருந்தேன். அது திரஸ்ட் வாஷர். பின்பக்க மெயின் பேரிங்கின் இரண்டு புறமும் அரைவட்டமாக இரண்டு உண்டு. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும். அந்த அழுத்தத்தைத் தாங்குவது பின்னால் இருப்பதுதான். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கீழே விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அறுக்க ஆரம்பிக்கும். ஓடுகிற வண்டியில் இதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு: ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்புல்லியைப் பாருங்கள், அது கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால் ஆபத்து. நல்லவேளை, எங்கள் பிளாக்கில் கீறல் விழுந்ததோடு நின்றிருந்தது. புது வாஷரை நான் அதன் முகத்திலுள்ள காடி உள்பக்கம் இருக்கும்படி மாட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் கழற்றி, காடி கிராங்கைப் பார்க்கும்படி திருப்பி மாட்டிவிட்டு, இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜை என் கையில் கொடுத்தார். ஆறு தவ் காட்டியது. நாலிலிருந்து எட்டுக்குள் இருந்தால் போதும்.

எஞ்சின் பாகங்களுக்குக் கவலையே இல்லை. இதே குடும்பத்து எஞ்சின் இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் ஓடியது. பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் அங்கே புதிதாகக் கிடைக்கிறது. சிலவற்றை அங்கிருந்து வரவழைத்தேன், சிலவற்றைப் புதுப்பேட்டையில் நாலு சனிக்கிழமை அலைந்து பிடித்தேன். ஐந்தாம் மாதம் எஞ்சின் முக்காலியிலேயே ஸ்டார்ட் ஆனது. முதல் முயற்சியில் கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பியது. டிஸ்ட்ரிபியூட்டரை 180 டிகிரி மாற்றி மாட்டியிருந்தேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

இப்போது கதவுக் கதை. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது, இங்கிலாந்தில் இரண்டு கதவுதான். ஆகவே கதவுக்கும் கதவைச் சுற்றியுள்ள தகரத்துக்கும் உலகத்தில் எங்கும் புதுப் பாகம் கிடையாது. செய்துகொள்ள வேண்டியதுதான்.

காந்தத்தை வைத்துப் பார்த்தபோது பாதி வண்டியில் ஒட்டவில்லை. சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி, அதற்கடியில் துரு, அதற்கும் அடியில் ஒன்றுமே இல்லை. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற தகரம் இரண்டு பக்கமும் மக்கியிருந்தது. சேசிஸுக்குப் பெயிண்ட் அடிப்பதற்காகப் பாடியை ஏற்கெனவே தனியே தூக்கி மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தேன். அந்த நிலையிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில், இரண்டு பக்கத் தகரத்தையும் ஒன்றாக வெட்டி எடுத்தேன். புதுத் தகரம் மடித்து வாங்கி, ஒரு வெல்டரைக் கூப்பிட்டு ஒட்டியும் ஆகிவிட்டது. பார்க்க அழகாக இருந்தது.

பாடியைச் சேசிஸில் உட்கார வைத்துக் கதவை மாட்டினால் நாலில் மூன்று சாத்தவில்லை. முன்கதவின் மேல்முனை தூணில் இடித்தது, கீழே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. தாங்கும் தகரத்தை எடுத்ததும் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. தொய்ந்தபடியே வெல்டிங்கும் வைத்துவிட்டோம். போதாக்குறைக்கு, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருந்த சின்னச் சின்னத் தகரத் துண்டுகளைக் குப்பை என்று நினைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தேன். எந்த போல்ட்டுக்கு அடியில் எத்தனை துண்டு என்று பார்த்துப் பார்த்து வைத்துத்தான் வண்டலூரில் கதவுகளைச் சமன் செய்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. எடைக்குப் போட்டு வந்த காசு நாற்பது ரூபாய்.

வெல்டிங் எல்லாவற்றையும் அறுத்தெறிந்தேன். இந்த முறை பாடி சேசிஸ் மேலேயே, போல்ட் முறுக்கியபடி. கதவு வாசல்களின் குறுக்கே சதுரக் குழாய்களை வைத்து விறைப்பாக்கிக்கொண்டோம். கதவுகளை மாட்டிச் சாத்தி வைத்து, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். கேஸ் வெல்டிங் வேண்டாம், மெல்லிய தகரம் சூட்டில் நெளியும் என்று சிஓடூ வெல்டிங். ஒரு புள்ளி, பிறகு ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி, நடுவில் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது. ஒன்றரை மில்லித் தகரத்தை ஒரு போல்ட்டுக்கு அடியில் செருகினால் மூன்று அடி தள்ளிக் கதவின் மேல்முனை நகரும். இதைப் புரிந்துகொள்ளவே இரண்டு மாதம் போனது. வேலையின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட எதிர்வீட்டு மாமி, கதவை அடித்து அடித்துச் சாத்தும் சத்தத்துக்குத்தான் சண்டைக்கு வந்தார்.

பெயிண்டில் நான் கை வைக்கவில்லை. பிரைமரும் எமரி பேப்பரும் மட்டும் வீட்டில். பியு (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது, கார் ஷெட்டில் அடிக்கிற சமாசாரமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்க மாட்டேன் என்று பெயிண்டர் சொல்லிவிட்டதால் தை வரை காத்திருந்தோம்.

முன்சக்கரத்தைப் பற்றி ஒன்று. ஹெரால்டில் சக்கரம் திரும்புகிற இடத்தில் டிரன்னியன் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆயில் விடும் இடம் கிரீஸ் நிப்பிள் போலவே இருக்கும், ஆனால் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் இறுகி உள்ளே ஆயில் போகாமல் மரை துருப்பிடித்தால், ஓடுகிறபோதே உடைந்து சக்கரம் மடங்கும். பெரியப்பா வண்டியில் யாரோ கிரீஸ்தான் அடித்திருந்தார்கள். இரண்டையும் மாற்றினேன்.

எஃப்.சி. முடிந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை போனேன். திரும்புவதற்காக ஒரு சந்துக்குள் நுழைந்தேன். ரிவர்ஸ் கேட்காமல் ஒரே வீச்சில் திரும்பியது. ஹெரால்டுக்கு இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் போதும். டீக்கடையில் நிறுத்தினோம். அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார், சாத்தவில்லை. இன்னொரு முறை, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினார். விழுந்தது.

"இது எங்க காலத்துலயும் இப்படித்தான்," என்றார். உண்மையா, எனக்காகச் சொன்னாரா தெரியவில்லை. நான் டீ சொல்லப் போனேன்.