அப்பாவின் இடது கால்

ஜூன் 3
24க்கு 18 மில்லிமீட்டர். அப்பாவின் சர்க்கரைப் புண்ணில் படாமல் ஸ்கேலை மேலே பிடித்து அளந்தேன். பெருக்கினால் 432. நாலு வாரத்தில் பாதியாகச் சுருங்கணும், இல்லையென்றால் வைத்தியத்தையே மாற்றி யோசிக்கணும் என்றார் டாக்டர். அப்படியென்றால் 216.

ஜூன் 5
ஜெல் வந்துவிட்டது. சுண்டுவிரல் அளவு டியூபுக்கு அந்த விலை! காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் விடுகிற புரதம்தான் உள்ளே. மனித ஜீனை ஈஸ்ட்டுக்குள் வைத்துத் தயாரிக்கிறார்களாம். 1997லேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். "பன்னுல போடுற ஈஸ்ட்டா?" என்றாள் அம்மா. அதேதான்.

ஜூன் 9
முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. தினம் ரெண்டு கொடு என்கிறார் டாக்டர். அப்பா வஞ்சிரம் கேட்கிறார்.

ஜூன் 14
தண்டையார்பேட்டை முழுக்க மூணு மணி நேரமாகக் கரண்ட் இல்லை. ஜெல் ஃப்ரிட்ஜில். தெருமுனை மீன்காரம்மாவிடம் ஐஸ் வாங்கி, டியூபைத் துண்டில் சுற்றி வைத்தேன். உறைந்தாலும் கெட்டுவிடும். துண்டை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தேனோ.

ஜூன் 19
தூக்கமில்லை. காது மடலில் இருக்கிற கட்டியைத் தடவிக்கொண்டே இருந்தேன். பதினாறு வயதில் மேல்காது குத்திய இடம். ஆறினதோடு நிற்காமல் கொலாஜன் வளர்ந்து மேடாகிவிட்டது. அப்பாகூடப் பிறந்த அத்தைக்கும் தோளில் இருக்கிறது. இது குடும்பத்தில் வரும், ஜீனுக்குப் பங்கு உண்டு. அதே வீட்டு ரத்தம்தானே அப்பாவுக்கும்? எனக்கு நிற்கத் தெரியவில்லை, அவருக்குத் தொடங்கவே தெரியவில்லை. கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். சர்க்கரை, மரத்துப்போன நரம்பு, ரத்த ஓட்டம், முதலில் இதையெல்லாம் பாரும்மா என்றார். சரி. ஆனால் தாத்தாவுக்கும் சர்க்கரைதான். அவருக்குக் காலையே எடுத்தார்கள்.

ஜூன் 20
22க்கு 16.

ஜூன் 24
கட்டைப் பிரிக்கும்போது துணியின் ஓரத்தில் ஒரு மீன் செதில். நகம் அளவு, வெள்ளியாக மின்னியது. காலை ஊன்றவே கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். இவர் விடியற்காலை காசிமேட்டு ஏலத்துக்குப் போய் வந்திருக்கிறார். "சும்மா பாக்கத்தான் போனேன்." வலித்திருந்தால் போயிருக்க மாட்டார். வலி தெரியாததுதானே வியாதியே. நான் கத்தினேன். அம்மா செதிலை எடுத்து வெளியே போட்டாள்.

ஜூன் 25
பேசவில்லை. ஜெல் மட்டும் போட்டேன்.

ஜூலை 1
17க்கு 13. 221.

மறுபடியும் அளந்தேன். 17க்கு 13தான். ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்தால் 12 என்று சொல்லலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டரிடம். ஆட்டோ சொல்லியாச்சு.