டிஷ் எங்கே என்பது தெரியும், யாருடையது என்பதுதான் கேள்வி

கப்பல்களுக்கு ஸ்டார்லிங்க், அதாவது துணைக்கோள் வழி இன்டர்நெட், மாட்டுவதுதான் என் பிழைப்பு. சிங்கப்பூர் மரினா சவுத் பியரில் லாஞ்ச் படகு பிடித்து, கடலில் நங்கூரமிட்டு நிற்கும் டேங்கரில் ஏறி, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் மங்கி ஐலண்டில் டிஷ்ஷைப் பொருத்தி, கேபிள் இழுத்து, போனில் ஆக்டிவேட் செய்துவிட்டு இறங்குவேன். அதனால் உக்ரைன் போரில் ஸ்டார்லிங்க் பெயர் அடிபட்டாலே தேக்கா கோப்பிக் கடையில் பஞ்சாயத்து என்னிடம் வந்துவிடும். "ரஷ்யாக்காரனும் அதே டிஷ்ஷை வச்சு அடிக்கிறானாமே, கம்பெனிக்காரன் ஆஃப் பண்ண வேண்டியதுதானே அண்ணே?"

ஆஃப் பண்ணுவது ஒரு நொடி வேலை. எதை ஆஃப் பண்ணுவது என்பதில்தான் வம்பு.

டிஷ்ஷுக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கும் துணைக்கோளைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். நெட்வொர்க்கும் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் சேவை தருகிறது. அனுமதி இல்லாத நாட்டுக் கடலுக்குள் கப்பல் நுழைந்தால் நெட் நின்றுவிடும். "என்னப்பா ஆச்சு" என்று கேப்டனிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வரும். ரஷ்யாவிலும் அப்படித்தான், சேவையே கிடையாது. ஆனால் சண்டை நடப்பது உக்ரைன் மண்ணில். போர்முனைக் கோடு ஒரு கட்டத்தின் நடுவே ஓடினால் இந்தப் பக்கம் ஒரு டிஷ், அந்தப் பக்கம் ஒரு டிஷ். இரண்டும் ஒரே மாடல், இரண்டுக்கும் மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது.

2024 பிப்ரவரியில் உக்ரைன் ராணுவ உளவுத்துறை, ரஷ்யாவின் 83ஆவது வான்வழித் தாக்குதல் படைப்பிரிவு ஸ்டார்லிங்க் பயன்படுத்துகிறது என்று சொல்லி, ஒட்டுக்கேட்ட உரையாடல் ஒன்றை வெளியிட்டது. தங்களுக்குத் தெரிந்தவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ ரஷ்யாவுக்கு ஒன்றுகூட விற்கவில்லை என்றார் ஸ்டார்லிங்கை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸின் தலைவர் எலான் மஸ்க். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று கடையில் எல்லாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பெட்டியில் 'கேஐடி' என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒரு கணக்கோடு சேர்த்தால் டிஷ் உயிர்பெறும். நான் மாட்டும் கப்பல்களில் கணக்கு சைப்ரஸில் உள்ள ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி பெயரில் இருக்கும். பணம் கட்டுவது துபாய் ஆபீஸ். கொடி பனாமா. ராத்திரி உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுவது தூத்துக்குடித் தம்பி. இதில் "உபயோகிப்பவர்" யார் என்று கேட்டால் நானே திணறுவேன். இத்தனைக்கும் இது சட்டப்படி நடக்கும் வியாபாரம். ஏதோ ஒரு மூன்றாவது நாட்டுக் கடையில் பெட்டியை வாங்கி, அந்த ஊர்க்காரர் பெயரில் கணக்கைத் திறந்து, காரில் போட்டு எல்லை தாண்டினால் விற்றவருக்கு என்ன தெரியும்?

உக்ரைன் பக்கமும் அதே குழப்பம்தான். 2022 பிப்ரவரி 26 அன்று உக்ரைனின் அப்போதைய டிஜிட்டல் அமைச்சர் ஃபெதொரோவ் ட்விட்டரில் மஸ்க்கிடம் ஸ்டார்லிங்க் கேட்டார். இரண்டே நாளில் முதல் லோடு வந்து இறங்கியது. பிறகு போலந்து அரசு கொடுத்தது, தன்னார்வலர்கள் வசூல் பண்ணி வாங்கினார்கள், சொந்தக்காரர்கள் அனுப்பினார்கள். எது யார் பெயரில் என்று முழுக் கணக்கு வைப்பதா, டிஷ்ஷைக் கொண்டுபோய்ப் பதுங்குகுழியில் வைப்பதா? அந்த ஆண்டு அக்டோபரில், முன்னேறிப்போன உக்ரைன் வீரர்களுக்கே மீட்ட பகுதிகளில் சிக்னல் போன செய்தி வந்தது. முனை நகர்ந்த வேகத்துக்கு வரைபடம் நகரவில்லை.

நேரில் போய்க் கண்டுபிடிக்கலாமே என்றால், டிஷ்ஷின் அலை குறுகலாக வானத்தைப் பார்த்துப் போகிறது. கீழே நிற்பவனுக்கு அதைப் பிடிப்பது சிரமம். ரவுட்டரின் வைஃபைதான் நாலாபக்கமும் தமுக்கடிக்கும். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கக் கடற்படையின் யுஎஸ்எஸ் மான்செஸ்டர். 2023இல் அதிலிருந்த மூத்த அதிகாரிகள் சிலர் மேல்தளத்தில் திருட்டுத்தனமாக ஒரு ஸ்டார்லிங்கை மாட்டிவிட்டார்கள். வைஃபை பெயர் ஸ்டார்லிங்க் தானாக வைக்கும் 'ஸ்டிங்கி'. மாலுமிகள் முணுமுணுத்ததும் பிரிண்டர் மாதிரி தெரியும்படி பெயரை மாற்றினார்கள். கப்பலில் அப்படி ஒரு வைஃபை பிரிண்டரே கிடையாது! கப்பலில் தேடியபோதும் சிக்கவில்லை. கடைசியில், அனுமதி பெற்ற ஸ்டார்ஷீல்டை, அதாவது அதே கம்பெனியின் அரசுப் பயன்பாட்டுக்கான வகையை, மாட்ட வந்த சிவிலியன் ஊழியர் ஒருவர் கண்ணில் பட்டது. என் இனம்! மாட்டுகிறவனுக்குத்தான் எந்த மூலையில் வானம் திறந்திருக்கும் என்று தெரியும். தலைமையாக இருந்த பெண் அதிகாரிக்கு ராணுவ நீதிமன்றத்தில் பதவி இறக்கம்.

ஒரு கப்பலுக்குள்ளேயே இந்தப் பாடு என்றால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போர்முனையில்?

அப்புறம் டிஷ் பறக்க ஆரம்பித்தது. 2024 செப்டம்பரிலேயே உக்ரைன் சுட்டு வீழ்த்திய ரஷ்யாவின் ஷாஹெத் தாக்குதல் ட்ரோன் ஒன்றில் ஸ்டார்லிங்க் இருந்ததாகச் செய்தி. 2026 ஜனவரி வாக்கில் அது தலைவலியாகிவிட, இப்போது பாதுகாப்பு அமைச்சரான அதே ஃபெதொரோவ் ஸ்பேஸ்எக்ஸோடு பேசினார். முதலில் வேகக் கட்டுப்பாடு: வேகமாக நகரும் டிஷ் துண்டிக்கப்படும். எனக்கு இது பிடித்திருந்தது. ஆள் யார் என்று கேட்காமல் டிஷ்ஷின் நடத்தையைப் பார்க்கிறது. பிறகு பிப்ரவரியில் வெள்ளைப்பட்டியல்: உக்ரைனுக்குள் பதிவு செய்த டிஷ் மட்டும் ஓடும், மற்றதெல்லாம் கட். கெட்டதைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு, நல்லதை எண்ணிவிட்டு மீதியை மூடுவது. பதிவு செய்யாத சொந்த வீரனின் டிஷ்ஷும் நின்றுபோகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. ரஷ்யப் பக்கம் தொடர்பு அறுந்துபோய்த் தவித்ததாகச் செய்திகள் வந்தன.

கோப்பிக் கடையில் "பார்த்தீங்களா, முடிஞ்சுது" என்றார்கள். எங்கே முடிந்தது? கொஞ்ச நாளிலேயே உக்ரைன் அதிகாரிகள் ஓர் எச்சரிக்கை விட்டார்கள்: ரஷ்யாவிடம் சிக்கிய உக்ரைன் போர்க்கைதிகளின் குடும்பங்களை ரஷ்யர்கள் மிரட்டி, தங்கள் டிஷ்களை அந்தக் குடும்பத்தார் பெயரில் பதியச் சொல்கிறார்களாம். மகன் அங்கே சிறையில் இருக்கும்போது, இங்கே அம்மாவின் பெயரும் அடையாள அட்டையும் சுத்தமாகத்தான் இருக்கும். பட்டியல் அதை ஏற்றுக்கொள்ளும்.