சூடே ஆகாத மைக்ரோவேவ் அவன்

தட்டு சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, நேரம் முடிந்ததும் பீப் அடிக்கிறது. உள்ளே வைத்த பால் மட்டும் வைத்தபடியே இருக்கிறது. முதலில் கவனித்தது அத்தைதான். "ஏம்மா, ரெண்டு தடவ வச்சுப் பாத்துட்டேன், டம்ளர்கூட வெதுவெதுன்னு ஆகலையே" என்றார்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். குறையைச் சொல்லி முடிப்பதற்குள் "மேக்னட்ரான் போயிருக்கும் மேடம்" என்று பதில் வந்தது. சூடாக்கும் நுண்ணலையை உண்டாக்கும் பாகம் அதுதான். மாற்றுவதற்குக் கேட்ட தொகை, புது அவன் விலையில் பாதிக்கு மேல். மூடியைக்கூடக் கழற்றாமல் இப்படி முடிவு சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் கேட்டுப் பயந்துதான் எத்தனையோ பேர் சின்னக் குறையுள்ள அவனைப் பழைய சாமான் கடைக்குப் போடுகிறார்கள். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பவர் சப்ளை போர்டு டெஸ்டிங் பார்த்தவள். அதனால் நானே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, அவனை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் உள்ள சாதாரண அவன் ஸ்டார்ட் ஆனதும் ஃபேன் சத்தம் கேட்கும். இரண்டு மூன்று விநாடியில் அதற்கு அடியில் கனமாக ஓர் உறுமல் சேரும். மேக்னட்ரானின் ஃபிலமென்ட் சூடாகி, அது மின்சாரம் இழுக்கத் தொடங்கிய சத்தம் அது. அந்த நேரத்தில் சமையலறை விளக்குகூட லேசாக மங்கலாம். வழக்கத்தைவிட முரட்டுத்தனமாக உறுமி, சூடும் வராவிட்டால் ஹை வோல்டேஜ் டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுவது) அல்லது கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது) ஷார்ட் ஆகியிருக்கலாம், மேக்னட்ரானாகவும் இருக்கலாம். உறுமலே இல்லையென்றால்? டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரமே போகவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். எங்கள் அவனில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்போதே மேக்னட்ரான் மேல் இருந்த சந்தேகம் எனக்கு முக்கால்வாசி போய்விட்டது. (இன்வெர்ட்டர் வகை அவனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் இந்தப் பெரிய டிரான்ஸ்பார்மரே கிடையாது.)

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மிக்ஸி, கிரைண்டர் போல இதைத் திறந்துவிட முடியாது. உள்ளே டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2000 வோல்ட்டாக ஏற்றுகிறது. கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை 4000 வோல்ட் அளவுக்குக் கொண்டுபோகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம். பல கெப்பாசிட்டர்களுக்குள் அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதை நம்பிக் கையை விடக் கூடாது. கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள், மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். தெரிந்தவர்களும் மூடி கழற்றிய நிலையில் பிளக்கைச் சொருகி அளந்து பார்க்க வேண்டாம். நான் செய்த சோதனை எல்லாமே பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்த பிறகு செய்தவை.

மூடியின் உள்பக்கம் சர்க்யூட் படம் ஒட்டியிருந்தது. நிறைய அவன்களில் இருக்கும். அதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி. டிரான்ஸ்பார்மருக்குப் போகும் லைனில் ஒரு ரிலேவும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒரு கதவு சுவிட்சும் இருந்தன. மனசு ஆறுவதற்காக மேக்னட்ரானையும் பார்த்தேன். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவு; முனைக்கும் பாடிக்கும் நடுவே மின்தொடர்பே இல்லை. இருக்க வேண்டியபடியே இருந்தது. 1940-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் ரேடாருக்காக உருவாக்கிய கேவிட்டி மேக்னட்ரானின் வாரிசு இது. உறுதியான சாமான். அதை எடுத்த எடுப்பில் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

அப்புறம் கதவு சுவிட்சுகள். கதவின் கொக்கி நுழையும் இடத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று மைக்ரோ சுவிட்சுகள் இருக்கும். இரண்டு சுவிட்சுகள், கதவு சாத்தினால்தான் கரன்ட் போக விடும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மானிட்டர் சுவிட்ச் என்பார்கள். கதவு திறந்திருக்கும்போது மற்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டு கரன்டை விட்டுவிட்டால், இது வேண்டுமென்றே லைனை ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். நுண்ணலை வெளியே வந்து உங்கள் மேல் படக் கூடாது என்பதற்காக அவன் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. அதனால் கதவைத் திறக்கும்போது ஃபியூஸ் போயிருந்தால், புது ஃபியூஸ் போட்டு விஷயத்தை முடிக்காதீர்கள். சுவிட்சுகளைப் பாருங்கள். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவதோ, பெரிய ஆம்பியர் போடுவதோ, மானிட்டர் சுவிட்சைக் கழற்றி எறிவதோ மன்னிக்க முடியாத வேலை. "சார்ஜ் கம்மியா முடிச்சுத் தரேன்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அவனில் டிரான்ஸ்பார்மர் லைனில் இருந்த சுவிட்சின் வயர்களைக் கழற்றி, மீட்டரைக் கண்டின்யூட்டியில் (மின்சாரம் போக வழி இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, சுவிட்சின் பொத்தானை அமுக்கினேன். டிக் என்று சத்தம் வந்தது, மீட்டர் மட்டும் பீப் அடிக்கவில்லை. மறுபடி மறுபடி அமுக்கியும் அப்படித்தான். கழற்றிய சுவிட்சைப் பிரித்தபோது உள்ளே காண்டாக்ட் கருகி, குழி விழுந்திருந்தது. காரணமும் தெரிந்தது. மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப் பட்டனை அழுத்தாமல் கதவை இழுத்துத் திறப்பது என் பையனின் பழக்கம். 800 வாட் அவன் 1200 வாட் அளவுக்கு இழுக்கும். அதாவது ஐந்து ஆம்பியருக்கு மேல். அந்தக் கரன்டை ஒவ்வொரு முறையும் இந்தச் சின்னக் காண்டாக்ட் பொறி பறக்க வெட்டினால் எத்தனை நாள் தாங்கும்?

சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய சுவிட்சைக் காட்டி வாங்கினேன். இங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உடம்பில் 16 ஆம்பியர் 250 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா. அப்புறம், பொத்தானை அமுக்காதபோது கரன்ட் போகும் வகையா, போகாத வகையா. இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் ஆபத்து. 60 ரூபாய்தான். பக்கத்துச் சுவிட்சையும் சேர்த்து மாற்றினேன். மூடியைப் போட்டு எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கிய பிறகுதான் பிளக்கைச் சொருகினேன்.

ஃபேன் சத்தம், ஒன்று, இரண்டு... உறுமல் வந்துவிட்டது.

சூடு சரியான அளவில் வருகிறதா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை அளந்துவிட்டு, ஃபுல் பவரில் ஒரு நிமிடம் வைத்து, கலக்கி மறுபடி அளக்க வேண்டும். ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் சுமாராக வாட். எங்களுக்கு 10 டிகிரி ஏறியது. 700 வாட் வருகிறது. பாத்திரம் உறிஞ்சிய சூட்டையும் நம் ஏரியா வோல்டேஜையும் நினைத்தால் 800 வாட் அவனுக்கு இது நல்ல கணக்குதான்.

மூன்றாவது மாடி அக்கா இதைக் கேள்விப்பட்டு, தன் அவனுக்குள் பட்பட்டென்று பொறி வருகிறது என்று கூப்பிட்டார். அது மூடியே திறக்க வேண்டாத வேலை. உள்ளே பக்கச் சுவரில், நுண்ணலை வரும் வழியை மூடியிருக்கும் மெல்லிய மைகா ஷீட்டில் எண்ணெய் தெறித்துக் கருகியிருக்கிறது. அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும், அதனால்தான் பொறி. ஸ்பேர் கடையில் பெரிய மைகா ஷீட்டாகவே கிடைக்கிறது. பழையதை மேலே வைத்து வரைந்து கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். அது மாட்டும்வரை அவனைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.