அம்பாசிடரில் டபுள் கிளட்ச்: ஏற்காடு ஏற்றம் வரை

மாமாவிடமிருந்து கைக்கு வந்த பழைய அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். ஸ்டியரிங் ஓரத்தில் கியர், மொத்தம் நான்கு. இரண்டு, மூன்று, நான்குக்கு சிங்க்ரோ (கியர் சேருமுன் வேகத்தைத் தானே சமன்செய்யும் அமைப்பு) உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பத்தானே முதல் கியர் என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். சேலம் டவுனுக்குள் ஓட்டும்வரை அது ஒரு குறையாகவே தெரியாது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவைத் திரும்பும்போது இரண்டாவது கியர் திணறும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலுக்கு இறக்கியாக வேண்டும். ஒரே கியர் மாற்றத்துக்கு கிளட்சை இரண்டு முறை மிதிக்கும் டபுள் கிளட்சை நான் பழக ஆரம்பித்தது இதற்காக மட்டும்தான்.

கிளட்ச் மிதித்து நியூட்ரல். கிளட்சிலிருந்து காலை எடுத்து ரேஸ். மறுபடி கிளட்ச் மிதித்து முதல் கியர். அவ்வளவுதான் வேலை. இதில் நடுவில் காலை எடுப்பது எதற்கு என்பதுதான் எனக்குப் பிடிபட நேரமானது. எங்கள் தெருவில் பழைய லேலண்ட் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, கிளட்ச மிதிச்சுக்கிட்டே ரேஸ் குடுத்தா அது கியர் பாக்ஸுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விஷயம் முடிந்துவிட்டது. கிளட்ச் மிதித்திருந்தால் என்ஜின் தனியாகக் கத்தும், கியர் பாக்ஸுக்குள் பற்களைச் சுமந்து சுழலும் தண்டான கவுன்டர் ஷாஃப்ட் அது பாட்டுக்கு வேகம் குறைந்துகொண்டே போகும். நியூட்ரலில் காலை எடுத்தால்தான் என்ஜின் அந்த ஷாஃப்டைப் பிடித்துச் சுழற்றும். முதல் கியரின் பல்லும் அதோடு சேர வேண்டிய பல்லும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மற்ற மூன்று கியர்களுக்கும் இதே வேலையை சிங்க்ரோவின் பித்தளை வளையம் உரசி உரசிச் செய்துகொடுக்கிறது.

எவ்வளவு ரேஸ் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வண்டியில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் என்ஜின் சுற்று ஏறக்குறைய 1.6, 1.7 மடங்கு ஏற வேண்டும். அதாவது இரண்டாவதில் நிமிடத்துக்கு 1,300 சுற்றில் ஓடுகிறது என்றால், அதே வேகத்தில் முதலுக்கு 2,200 வாக்கில் வேண்டும். சுற்று காட்டும் மீட்டர் டேஷ்போர்டில் கிடையாது, காதுதான் மீட்டர். அதனால் காலியான சர்வீஸ் ரோட்டில் முதல் கியரிலேயே 15 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, அந்த என்ஜின் சத்தத்தை மனதில் ஏற்றிக்கொண்டேன். அப்புறம் இரண்டாவதில் அதே வேகத்துக்கு வந்து, நியூட்ரலில் ரேஸ் கொடுத்து அந்தச் சத்தத்தைத் தேட வேண்டியதுதான். மற்ற பயிற்சிகள் எல்லாம் சேர்ந்து கொடுத்த பலனைவிட இது ஒன்று கொடுத்தது அதிகம்.

இரண்டு விதத்தில் தப்பு வரும் என்பதும் மெல்லப் புரிந்தது. பல் கத்தினால் ஷாஃப்ட் வேகம் சேரவில்லை என்று அர்த்தம். கியர் வழுக்கிக்கொண்டு விழுந்து, கிளட்ச் விடும்போது வண்டி தலையாட்டினால் கதை வேறு: இரண்டாவது முறை மிதித்தபோது ஆக்சிலேட்டரை முழுக்க விட்டதில் என்ஜின் இறங்கிவிட்டது. அந்தக் காலைக் கொஞ்சம் ஊன்றியே வைத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. ஏற்றத்தில் இன்னொரு சிக்கல், நியூட்ரலில் இருக்கும் அந்த ஒரு நொடியிலேயே வண்டி வேகம் இழந்துவிடும். ஆகவே சமதரையில் கொடுப்பதைவிட ஒரு துளி குறைத்துத்தான் ரேஸ் கொடுக்க வேண்டும். ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இப்போது பெரும்பாலானவற்றில் சத்தமில்லாமல் விழுகிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகு போடலாம் என்று இருந்தால் கை ஸ்டியரிங்கைத் திருப்பவே சரியாக இருக்கும், முன்னாலேயே இறக்கிவிடுவதுதான் உத்தமம்.

பெரியவர் காட்டிய இன்னொரு வித்தையும் தினமும் கைகொடுக்கிறது. சிக்னலில் நின்றுவிட்டு முதல் கியர் போடும்போது கர்ரென்று இழுத்தால், முதலில் இரண்டாவதைத் தொட்டுவிட்டு ஒன்றுக்கு வர வேண்டும். இரண்டாவதின் சிங்க்ரோ உள்ளே சுழல்வதை நிறுத்திக் கொடுத்துவிடுகிறது.

இன்றைய கார்களில் முதல் கியருக்கும் சிங்க்ரோ இருக்கிறது. அதில் இப்படி இரண்டு முறை மிதிப்பது இடது காலுக்கு உடற்பயிற்சி, வேறொன்றும் இல்லை. வளையம் தேய்ந்த பழைய வண்டி என்றால் மட்டும் யோசிக்கலாம். என் அம்பாசிடரில் இரண்டாவது கியரும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, மூன்றிலிருந்து இறங்கும்போது அதற்கும் இதையே செய்கிறேன்.

மிச்சம் இருப்பது இறக்கம். அங்கே பிரேக்கையும் விட முடியாது, ரேஸும் கொடுக்க வேண்டும், ஒரே வலது கால். பாதத்தைக் குறுக்கே வைத்து இரண்டையும் சமாளிப்பதை ஆளில்லாத ரோட்டில்தான் முயன்றுகொண்டிருக்கிறேன். மலையில் இப்போதைக்கு மேலேயே இரண்டாவதில் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கிவிடுகிறேன்.