முட்டை கூடுமா, குழந்தை கூடுமா

ஜூன் 9
புதுச்சேரியிலிருந்து கடலூர் பேருந்து. அரியாங்குப்பத்தில் நெரிசல், அந்த நேரத்தில் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சை ரிப்போர்ட்டைப் படித்தேன். முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோனான ஏ.எம்.எச். 0.7. இரண்டு முட்டைப்பையிலும் சேர்த்து, முட்டை வளரும் சின்னப் பைகளான ஃபாலிக்கிள் நான்கே. போன சைக்கிளில், அதாவது போன சிகிச்சைச் சுற்றில், இத்தனை ஊசி போட்டும் கிடைத்தது இரண்டு முட்டை. மூன்றோ அதற்குக் கீழோ வந்து, ஏ.எம்.எச்.சும் குறைவாக இருந்தால் ஊசிக்குக் ‘குறைந்த எதிர்வினை’ என்பது 2011இல் ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த போலோனா அளவுகோல். ஆக, நானும் அந்தப் பட்டியலில்.

மருந்துச் சீட்டில் புதிதாக மூன்று: டி.ஹெச்.இ.ஏ. என்ற ஹார்மோன் மாத்திரை 25 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, கோஎன்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரை, அடுத்த சைக்கிளில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. “இதெல்லாம் கூடுதல்தாம்மா, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

ஜூன் 12
டி.ஹெச்.இ.ஏ. நம் அட்ரினல் சுரப்பியிலேயே சுரப்பது. உடலில் அது டெஸ்டோஸ்டிரோனாக மாறும். முட்டைப்பைக்குள் ஆண் ஹார்மோன் சற்றுக் கூடினால், முட்டை வளரப் போடும் எஃப்.எஸ்.ஹெச். ஊசிக்கு ஃபாலிக்கிள் நன்றாக மசியும் என்பது கணக்கு. சின்ன ஃபாலிக்கிள் வளர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் முன்கூட்டியே விழுங்கச் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டியில் டி.ஹெச்.இ.ஏ., டெஸ்டோஸ்டிரோன், வளர்ச்சி ஹார்மோன் மூன்றுக்கும் ‘அநேகமாகப் பரிந்துரைக்கத்தக்கதல்ல’ என்றே இருக்கிறது.

ஜூன் 14
அத்தை, “விலை கூட இருக்கிற ஊசின்னா வேலை செய்யாமலா போகும்?” என்றார். நர்ஸாக இருக்கும் நாத்தனார் சிரித்துவிட்டாள். “அண்ணி, அந்த டி.ஹெச்.இ.ஏ. மாத்திரைல பரு வரும், மீசை முளைச்சாலும் முளைக்கும், பார்த்துக்கங்க.” வீட்டில் இவள் ஒருத்திதான் என்னிடம் பூசி மெழுகாமல் பேசுகிறாள்.

ஜூன் 23
இன்று நேராகவே கேட்டேன்: “டாக்டர், இந்த ஊசி முட்டையைக் கூட்டுமா, குழந்தை பிறக்கிற வாய்ப்பைக் கூட்டுமா?”

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் வந்தது. வளர்ச்சி ஹார்மோனால் சிலருக்கு ஒன்றிரண்டு முட்டை கூடலாம், குழந்தை பிறப்பது கூடும் என்று உறுதியாக நிரூபிக்கவில்லை என்றார். மழுப்பாமல் சொன்னதால் அவர்மேல் மரியாதை கூடியது. முட்டைக் கணக்கை மட்டும் காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால்தான் எரிச்சல்.

ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணம் அடுத்த சைக்கிளுக்கு ஆகும். க்யூ10 இருக்கட்டும் என்கிறார் வீட்டுக்காரர், சரி. டி.ஹெச்.இ.ஏ. மட்டும் டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்த்த பிறகு. நாளைக் காலை மஞ்சக்குப்பம் லேபில் ரத்தம் கொடுக்க வேண்டும்.