பழைய பத்மினியின் ஆலைப் பெயிண்டைக் காத்த அனுபவம்

அப்பச்சி வாங்கிய பிரீமியர் பத்மினி கார், பள்ளத்தூர் வீட்டில் பாதி வெயிலும் பாதி நிழலுமாகப் பல ஆண்டுகள் நின்றதில், அதன் கருநீலம் சாம்பல் பூத்து, தொட்டால் நீலத்தூள் விரலில் ஒட்டும் நிலைக்கு வந்திருந்தது. காரைக்குடிப் பட்டறைகளில் கிடைத்த யோசனை ஒன்றுதான்: “எல்லாத்தையும் சுரண்டிட்டு, பட்டி பார்த்து, புதுசா அடிச்சிரலாம்ணே.” நான் இணங்கவில்லை. மும்பை குர்லாவில் இந்த வண்டியைத் தயாரித்த ஆலையில் பூசிய பெயிண்ட் போனால் போனதுதான். எவ்வளவு செலவழித்து அடித்தாலும் அது மறுபூச்சுதான்.

அக்காலத்து வண்டிகளில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற காப்புப் பூச்சு கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சிலேயே இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பிலுள்ள பிசினைச் சிதைக்க, பிடிப்பிழந்த நிறமித் துகள்கள் தூளாகின்றன. ஆகவே கெட்டிருப்பது மேல்தோல். அடியில் எவ்வளவு மிச்சம் என்பதே கேள்வி. தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்கிப் பார்த்தேன். ஆலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருக்கும். கதவுகளில் அது குறையவில்லை. பானெட்டின் விளிம்பிலும் பின்பக்கச் சிறகுகளின் முனையிலும் பாதிகூட இல்லை. அந்த இடங்களில் டேப் ஒட்டி, பாலிஷே படாமல் ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியில் மணல் கலந்திருப்பதால், உலர்ந்த துணி பட்டாலே கீறும். முதலில் நீரை மட்டும் தாராளமாக ஊற்றித் தூசியை இறக்கினேன். போர் தண்ணீர் உப்புத் தடம் விடும் என்பதால், கடைசி அலசலுக்கு வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், பிடித்துவைத்த மழைநீர்.

அடுத்த கட்டத்தைப் பலர் தாண்டி நேரே பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் காம்பவுண்டுக்குப் போய்விடுகிறார்கள். என் மட்டில் இதுதான் உயிரான வேலை. எண்ணெய்ச் சத்து மிகுந்த, தேய்மானம் தராத கிளேஸ் எனும் மெருகுக் களிம்பை டர்க்கி துண்டில் எடுத்து, ஒரு முழ இடமாக மெல்ல நீவினேன். துண்டு நீலமானது, பழைய ஒற்றைப் பூச்சில் அது இயல்பே. பிறகு அதையே கெட்டியாகப் பூசி இரவு முழுதும் விட்டு, மறுநாள் வெயில் ஏறித் தகடு சூடாகும் முன் துடைத்தேன். சாம்பல் நிறம் விலகி, கதவில் தாழ்வாரத் தூண்களின் நிழலுருவம் தெரிந்தது. அதன்பின் மிக மென்மையான பாலிஷைக் கையாலேயே போட்டேன். மெஷினை அருகே கொண்டுவரவில்லை. நிறைவாகக் கார்னோபா மெழுகு.

முன்கண்ணாடிக்குக் கீழே பெயிண்ட் போய், அடிப்பூச்சான பிரைமர் தெரியும் திட்டை மறைக்கவில்லை; துருப் பிடிக்காதிருக்க அங்கே மெழுகு மட்டும் அவ்வப்போது வைக்கிறேன். கவர் போடுவதானால் வண்டியைக் கழுவி உலர்த்திய பிறகே போடுகிறேன். காற்றில் கவர் அசையும்போது அடியில் தங்கிய செம்மண்ணே பெயிண்டை அரைத்துவிடும்.